முள் அசையவில்லை



"அண்ணே, பேரவை ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க, கவிதைன்னாலும் பரவாயில்ல" என்று மலர்க் குழுத் தம்பி ஒருவர் போனில் கேட்டார். கவிதை எனக்கு வராது. தெரிந்ததெல்லாம் பைப், வால்வு, பம்ப். ஆகவே ஒரு பைப் கதையையே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், நீங்கள் தெர்மல் பேப்பரில் போடும் கணக்குதான்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நம் தெர்மல் லேபில் நான் எடுத்த ரீடிங்குகளில் பாதி, நான் எடுத்தவை அல்ல. சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வரும். மூன்றாவது தசம இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவோம். கிராப்பில் கோடு முதலில், புள்ளிகள் பிறகு! கையெழுத்து விழும், மார்க்கும் விழும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் சொந்த ஊர் சாத்தூர். வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் சாயங்காலமானால் அம்மா மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீரை ஊற்றி விடுவார். தளத்திலிருந்து ஆவி கிளம்பும். அப்புறம்தான் பாய் விரிக்க முடியும். தரையைக் குளிர வைக்கத்தான் தண்ணீர் என்று வளர்ந்தவன் நான். தரையைச் சூடாக்கத் தண்ணீர் ஓட விடும் வேலைக்குப் போவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

2012-ல் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஐந்து வருஷம் ஏ.சி. டக்ட் வேலை. பிறகு டெல்லியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். 2017 ஜூலையில் என்னை லடாக்கில் உள்ள லே நகருக்கு அனுப்பினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தை விட்டு இறங்கி முதல் இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக குக்கர் வேண்டும். காற்று அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் பாய்லர் பர்னரும் கேட்லாக்கில் போட்ட கிலோவாட்டைத் தராது, குறைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

வேலை ஒரு சிறிய ஹோட்டலில். கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடும்பமும் மூன்று விருந்தினர் அறைகளும், மேலே மீதி அறைகள். குளிர்காலத்திலும் பயணிகள் வர ஆரம்பித்திருந்ததால், தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்துச் சூடாக்கும் முறை வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் புகாரி என்கிற தகர அடுப்புதான். அதைச் சுற்றி மட்டும் சூடு இருக்கும், இரண்டு அடி தள்ளினால் முதுகு விறைக்கும். மூடிய அறையில் அதன் புகை ஆபத்தும்கூட.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். லடாக்கியில் பாட்டிக்கு 'அபி' என்று பெயர். மரியாதைக்குப் பின்னால் 'லே' சேர்த்து 'அபி-லே' என்பார்கள். நம் ஊர் 'ங்க' மாதிரி. முட்டி வலி. குளிர்காலம் முழுக்க சமையலறை அடுப்பருகே உட்கார்ந்த இடத்திலேயே தூங்குவாராம். "இந்தத் தடவையாச்சும் என் ரூம்ல காலை நீட்டிப் படுப்பேனா?" என்று என்னிடம் கேட்பார். பேரன் ஹிந்தியில் சொல்ல, நானும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் "பக்கா அபி-லே!" என்பேன்.

எங்கள் குழுவில் குழாய் வேலைக்குத் தலைவர் ஸ்ரீநகரைச் சேர்ந்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்போம். "இது ஒண்ணும் புதுசு இல்ல பேட்டா. எங்க ஊர் மசூதிகள்ல ஹமாம் இருக்கு. கல் தளத்துக்கு அடியில விறகு எரியும், மேல உக்காந்து தொழலாம்" என்பார். அது உண்மை. கொரியாவின் ஓண்டோலும் ரோமானியர்களின் தரையடிச் சூடும் இதே குடும்பம்தான். நெருப்பும் புகையும் போன பாதையில் இன்று தண்ணீர் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட், ஜப்பானில் ஒரு கொரிய அறையில் உட்கார்ந்து அந்தச் சுகத்தை அனுபவித்த பிறகுதான் 1937-ல் கட்டிய ஜேகப்ஸ் வீட்டின் தரைக்குள் குழாய் பதித்தார்.

இப்போது கணக்கு. அபி-லேயின் அறையையே எடுத்துக் கொள்வோம். பரப்பு 11 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 20, உள்ளே 20 என்று வைத்து, சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாம் கூட்டினால் இழப்பு சுமார் 800 வாட். ஒரு சதுர மீட்டருக்கு 73 வாட். தரை, அறையைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் தரும். எனவே தரை 27 டிகிரி இருந்தால் போதும். மனிதர் புழங்கும் இடத்தில் 29-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. தாண்டினால் பாதம் வியர்க்கும், சுகம் போய்விடும்.

தண்ணீர் 45 டிகிரியில் உள்ளே போய் 38-ல் திரும்புகிறது என்றால், நம் பழைய நண்பர் m×Cp×ΔT கணக்குப்படி நிமிடத்துக்கு 1.6 லிட்டர் ஓட வேண்டும். குழாயைப் 15 செ.மீ. இடைவெளியில் வளைத்தால் சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர். அறைக்கு 73 மீட்டர், போக வர 5 மீட்டர், ஆக 78. இந்த 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக் கொள்வது நல்லது. தாண்டினால் பம்புக்குத் திணறல்.

தரையின் அடுக்குகளையும் சொல்லி விடுகிறேன். அடியில் தெர்மோகோல் மாதிரி, ஆனால் அதைவிடக் கெட்டியான பலகை. இது இல்லாவிட்டால் பாதிச் சூடு பூமித்தாய்க்கே போய்ச் சேரும். சுவரோரம் முழுக்க ஃபோம் பட்டை, தரை விரிந்தால் இடம் கொடுக்க. அதன்மேல் பிளாஸ்டிக் தாள், கம்பி வலை, வலையில் கட்டிய பெக்ஸ் குழாய். எல்லாச் சுற்றுகளும் சுவரில் உள்ள மேனிபோல்டு என்ற பித்தளைப் பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வால்வு. கடைசியில் எல்லாவற்றையும் மூடி 6.5 செ.மீ. சிமென்ட் கலவை. மூடிய பிறகு குழாயை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் மூடுவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட்: 6 பார் அழுத்தத்தில் இரவு முழுக்க வைத்து, முள் இறங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என் பொறுப்பு.

கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருக்கும்: தரைக்குள் இணைப்பு கூடாது, ஒரு சுற்றுக்கு ஒரே குழாய். அபி-லே அறையில் நான் அதை மீறினேன். சுருளில் குழாய் குறைந்தது. புதிய சுருள் லாரியில் வந்து கொண்டிருந்தது. "ஒரு கப்ளிங் போட்டா என்ன ஆயிடும்?" என்று நானே ஒட்டுப் போட்டு விட்டேன். உஸ்தாத் அப்போது மேலே பாய்லர் அறையில் இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 17. கீழ்த்தளம் முழுவதும் டெஸ்டுக்குத் தயார். உறையாமல் இருக்கக் கலக்கும் கிளைக்கால் பீப்பாய்களும் அதே லாரியில்தான் வர வேண்டும். அதைத் தேடி சைட் என்ஜினியர் கார்கில் போயிருந்தார். எனவே வெறும் தண்ணீரிலேயே காலையில் அழுத்தம் ஏற்றினோம். மதியம் உஸ்தாத் கிளம்பும்போது சொன்னார்: "ராத்திரி வரைக்கும் விடாதே. நாலு மணிக்கு முள்ளைப் பாத்து எழுதிக்கோ. அப்புறம் கம்ப்ரஸர் வெச்சு தண்ணிய முழுக்க ஊதி வெளியேத்திடு."

நாலு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் கொஞ்சம்தான் இருந்தது. எனக்கோ கை விறைப்பு. அறைக்குள் போய்க் கம்பளியைப் போர்த்திக் கொண்டேன். 'காலைல பாத்துக்கலாம்' என்பது நம் எல்லோருக்கும் பழகிய வசனம்தானே!

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு மார்க் கேள்வி அது. ஆனால் சாத்தூரில் பிறந்தவனுக்கு, திறந்த இடத்தில் தண்ணீர் தானாகக் கல்லாகும் என்பது மனசில் படிந்த விஷயம் இல்லை. ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடாத கட்டடம். அன்று இரவு மைனஸ் 7.

காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கேஜில் முள் சரியாக 6-ல் நின்றது. ஒரு மயிரிழை இறங்கவில்லை! சந்தோஷமாகப் படிவத்தை எடுத்தேன். 'ஆரம்பம் 6 பார், முடிவு 6 பார், இறக்கம் பூஜ்யம்.' கீழே என் கையெழுத்து.

கொத்து வேலை செய்பவர்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள். அந்த ஆண்டு அவர்களுடைய சட் பூஜை அக்டோபர் 26. மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அன்று கலவை போடாவிட்டால் இனி அடுத்த வசந்தத்தில்தான். வெயில் ஏறியதும் பத்து மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று மணலைச் சலித்துக் கொண்டிருந்தார்கள்.

தண்ணீரை இறக்கலாமே என்று ஒன்பது மணிக்கு வடிகால் வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கேஜை விரலால் சுண்டினேன். சாதாரணமாகச் சுண்டினால் முள் கொஞ்சம் துள்ளும். அது அசையவே இல்லை. மேனிபோல்டின் அடியில் கை வைத்தேன். பித்தளையில் தலைமுடி போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் வெள்ளையாக ஐஸ்.

முள் அழுத்தத்தைக் காட்டவில்லை. அது உறைந்து போயிருந்தது.

தம்பிகளே, அப்போது என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். மேனிபோல்டு சுவரில் வெளியே இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். பெக்ஸ் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒட்டு? அந்தக் கப்ளிங்கும் பித்தளை. அது தெறித்திருந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் கலவை விழும், மூடிவிடும். படிவத்தில் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. ரெக்கார்டு நோட்டில் மூன்றாவது தசமத்தை மாற்றிய அதே கை, பையில் இருந்த பேனாவைத் தொட்டுக் கொண்டு நின்றது.

கொத்தனார் வந்து, "பாயி, ஊத்திடலாமா?" என்றார்.

அந்த நேரம் அபி-லே, பேரன் கையைப் பிடித்துக் கொண்டு, தன் அறை வாசலில் நின்று குழாய் வளையங்களை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் "ஜூலே" என்றார். வணக்கம் என்று அர்த்தம். வேறொன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் பாய்லர் ஓடும்போது தண்ணீர் கசிந்தால், மைனஸ் 15-ல் அந்தத் தரையை உடைக்க வேண்டும். ரோடு மூடியிருக்கும். சாமான் வராது. கிழவி மறுபடி அடுப்பங்கரைக்குப் போவார்.

"வேணாம்ணே... ஊத்தாதீங்க" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லி விட்டேன். ஆனாலும் அவருக்குப் புரிந்தது.

உஸ்தாத்தை அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒட்டையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி ஐஸை உருக்கினார். "நெருப்பைக் காட்டாதே, பைப் போயிடும்" என்று மட்டும் சொன்னார். பதினொரு மணிக்கு மேனிபோல்டிலிருந்து தண்ணீர் பீச்சியது. அரை மணி கழித்து, அபி-லே அறையின் நடுவில், நான் போட்ட ஒட்டிலிருந்தும். கப்ளிங் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது.

கார்கிலுக்குப் போன் போட்டேன்.

"டெஸ்ட் ஷீட்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை மலரில் அச்சிட முடியாது.

முதல் மாடிக்கென்று வைத்திருந்த மேனிபோல்டைக் கழற்றிக் கீழே மாட்டினோம். அதனால் அந்தக் குளிர்காலம் மாடி அறைகள் பூட்டியே கிடந்தன. உரிமையாளருக்கு நஷ்டம், எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம். அபி-லே அறைச் சுற்றை முழுதாகப் பிரித்தோம். கையில் இருந்த ஒரே துண்டு 60 மீட்டர். மறுபடி ஒட்டுப் போட உஸ்தாத் சம்மதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இடைவெளியை 20 செ.மீ. ஆக்கினால் சதுர மீட்டருக்கு 5 மீட்டர். அறைக்கு 55, போக வர 5. சரியாக 60. சூடு கொஞ்சம் குறையும் என்று தெரிந்தேதான் போட்டோம்.

கொத்தனார்கள் ஒரு நாள் தங்கினார்கள். டிக்கெட் மாற்றிய பணத்தை நான் கொடுத்தேன். "பூஜைக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும் பாயி" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்து விட்டார்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் மறுபடி தண்ணீர், மறுபடி 6 பார். இந்தத் தடவை அரை மணிக்கு ஒருமுறை கேஜைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முள் துள்ளித் திரும்பியது. சாயங்காலத்துக்கு முன்பே தண்ணீரை ஊதி வெளியேற்றி, குழாய்களில் காற்றையே அழுத்தி அடைத்து வைத்தோம். கேஜில் ஒரு கண் வைத்துக்கொண்டு அதன்மேல் கலவை போட்டோம். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி, இரவில் புகாரி மூட்டி, கலவை உறையாமல் முறை வைத்துக் காவல் இருந்தோம்.

பழைய படிவத்தைக் கிழிக்கப் போனேன். உஸ்தாத் தடுத்தார். "கிழிக்காதே. மேலயே எழுது." அதன் குறுக்கே 'தோல்வி, தண்ணீர் உறைந்தது, ரீடிங் தவறு' என்று எழுதித் தேதி போட்டேன். இரண்டு தாள்களும் ஒரே பைலில் போயின.

சிமென்ட் கலவைக்கு 21 நாள் பொறுமை வேண்டும். அதற்குள் சூடு காட்டினால் வெடிக்கும். லாரி வந்து, கிளைக்கால் கலந்து நிரப்பினோம். நவம்பர் இரண்டாம் வாரம் முதல் மூன்று நாள் 25 டிகிரியில் மட்டும் ஓட்டினோம். பிறகு மெதுமெதுவாக 45 வரை. சுற்றுக்குச் சுற்று வால்வைத் திருகி, லிட்டர் பார்த்துச் சமன் செய்தேன்.

ஜனவரியில் வெளியே மைனஸ் 18. மற்ற அறைகள் 20 டிகிரி. அபி-லே அறை 18. எதிர்பார்த்ததுதான். மேலே கிடந்த தடித்த கம்பளத்தை எடுக்கச் சொல்லி, மெல்லிய விரிப்புப் போட்டோம், கொஞ்சம் தேறியது. நான் பேரனிடம், "இந்த ரெண்டு டிகிரி என் தப்பு, அபி-லேகிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். பாட்டி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டு டிகிரின்னா என்னன்னு கேக்கறாங்க. காலை நீட்டிப் படுத்தேன்னு சொல்றாங்க."

தம்பி, தங்கைகளே, நான் உபதேசம் செய்யும் தகுதி உள்ளவன் இல்லை என்று மேலே படித்ததிலிருந்தே தெரிந்திருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லேபில் கேஜுக்கு முன்னால் நிற்கும்போது சீனியர் நோட்டை மூடி வைத்துவிட்டு, கேஜை ஒரு தடவை விரலால் சுண்டிப் பாருங்கள். ரீடிங் தப்பாக வந்தால் தப்பாகவே எழுதுங்கள். ஏன் தப்பாக வந்தது என்று கேட்டால்தான் அந்த இரண்டு மார்க் விஷயம் நம் கைக்கு வரும். எனக்கு அது வந்து சேர, ஒரு ஹோட்டலின் மாடி அறைகள் ஒரு குளிர்காலம் பூட்டிக் கிடக்க வேண்டியிருந்தது.

இப்போதும் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அம்மா மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் தளத்தைத் தொட்டுப் பார்ப்பேன். "என்னடா பாக்குற?" என்பார். "எத்தனை டிகிரின்னு பாக்குறேம்மா" என்பேன். "போடா கிறுக்கா, பாயை விரி!" என்பார்.

அன்புடன்,
முன்னாள் மாணவன்,
இயந்திரவியல் துறை (2009–2012)